டஜன் எண்ணிய பூநாரைகள்

என் வீட்டுக்காரரோடு பிறந்தவர்கள் ஆறு பேர். அதில் கடைசிக்கு முந்தியவள் டஜன். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் அட்டையைப் பார்த்தால்தான் அவளுக்கே அது ஞாபகம் வரும். சட்டைக் கம்பெனியில் வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது. எனக்கு அவள் நாத்தனார். என் பிள்ளைகளுக்கு டஜன் அத்தை. கட்டிய கணவரே, பாவம், இருந்தவரைக்கும் "டஜனு, டீ ஆறுது பாரு" என்றுதான் கூப்பிட்டார்.

அவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டது என் மாமியாரின் தங்கை, எங்கள் சின்ன மாமியார். அந்த அம்மாள் அங்கே நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். இவளையும் பிசிறு வெட்டத்தான் அழைத்துப் போனார். போன மூன்றாம் நாள், செக்கிங் மேஜையில் அடுக்கியிருந்த சட்டைகளைத் தாண்டிப் போகும்போது, "இதுல ஒண்ணு குறையுதே" என்று சொல்லியிருக்கிறாள். மேஸ்திரி முறைத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தார். குறைந்துதான் இருந்தது. அன்றைக்கே கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டு, செக்கிங் மேஜையில் உட்கார வைத்தார்கள். முப்பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

அவள் எண்ணும் முறையைச் சொல்ல வேண்டும். கட்டை விரலை விட்டுவிடுங்கள். மற்ற நாலு விரலிலும் விரலுக்கு மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. கட்டை விரல் கணு கணுவாகத் தாவும். கடைசிக் கணுவைத் தொட்டால் ஒரு டஜன். பெயர் வந்தது அப்படித்தான். அதைவிடப் பெரிய வித்தை ஒன்று உண்டு. சட்டைகளைக் கட்டாகக் கட்டினால் உடம்பெல்லாம் ஒன்றோடொன்று அமுங்கி ஒரே மூட்டையாகிவிடும். கைகள் மட்டும் பக்கவாட்டில் தொங்கும். கட்டை அவிழ்க்கவே மாட்டாள். தொங்குகிற கைகளை எண்ணிப் பாதியாக்குவாள். சட்டை எத்தனை என்று வந்துவிடும். அந்தப் பழக்கம் எங்கும் கூடவே வந்தது. என் மூத்தவன் கல்யாணத்தில் மண்டபத்து வாசலில் கிடந்த செருப்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணி, இருநூத்தி ஆறு பேருக்கு இலை போடச் சொல்லுங்க" என்றாள். போட்டோம். இருநூற்று ஆறு பேர்தான் உட்கார்ந்தார்கள்.

அவளுக்கு ஒரே பெண். அந்தப் பெண், சதுப்பு நிலச் சரணாலயத்தில் வாட்சராக இருந்த பையனைக் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். டஜன் ஒத்துக்கொள்ளவில்லை. "மனுஷனுக்குக் காவல் இருக்கறவன் ஒருத்தனும் கிடைக்கலையா? கொக்குக்குக் காவல் இருக்கறவன்தான் கிடைச்சானா?" என்று என் வீட்டுக் கூடத்தில் நின்று கத்தினாள். கடைசியில் கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் ஆறு வருஷமாக மாப்பிள்ளையிடம் அவள் நேருக்கு நேர் பேசியதில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். இவள் பெண்ணைப் பார்த்து, "அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்பாள். சரணாலயம் எங்களுக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம்தான். பெண்தான் வந்து வந்து போவாள். இவள் ஒருநாள் கூட அந்தப் பக்கம் போனதில்லை.

இப்படி இருக்கையில் இரண்டு சேதி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு பெண் முழுகாமல் இருக்கிறாள், ஏழாம் மாதம் நடக்கிறது என்பது வயிறு பெரிதாகி எங்களுக்கே தெரிந்த சேதி. மற்றது மாப்பிள்ளைக்கு ஆபீசிலிருந்து கடிதமாக வந்தது. மாப்பிள்ளை இருக்கும் கடலோர முகாமை மூடப் போகிறார்களாம். அங்கே கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழிக்கு வருகிற பூநாரைக் கூட்டம் வருஷா வருஷம் குறைகிறது என்று மேலே யாரோ எழுதிவிட்டார்கள். இந்த வருஷக் கணக்கெடுப்பில் இரண்டாயிரம் பறவை இருந்தால் முகாம் இருக்கும். ஒன்று குறைந்தாலும் மூடிவிட்டு, மாப்பிள்ளையை மலைக்காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். மலைக்காடு என்றால் ரயிலில் ஒரு பகல் ஒரு இரவு, அதற்கு மேல் ஜீப்.

பெண் போனில் அழவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை எண்ணறாங்க. நீ ஒரு தடவ வந்து இந்த இடத்தைப் பாத்துட்டுப் போயிடு. அப்புறம் வந்தாலும் நாங்க இருக்க மாட்டோம்."

டஜன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணி, பிரசவத்துக்கு நான் மலையேறணுமா? முட்டி இருக்கற லட்சணத்துல?" என்றாள். கொஞ்சம் கழித்து, "கொக்கு எண்ணி என் பொண்ணை அனுப்பறானுங்களா?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே போய்ப் பையை எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம், அவளும் நானும். கடைசி நிறுத்தத்தில் மாப்பிள்ளை காக்கிச் சட்டையோடு நின்றார். "வாங்கத்தை, வாங்க பெரியத்தை" என்று இரண்டு பையையும் வாங்கிக்கொண்டார். டஜன் கடலைப் பார்த்து, "பஸ்ல ஏகப்பட்ட கூட்டம்" என்று பொதுவாகச் சொன்னாள். அதுதான் பதில்.

அங்கிருந்து தோணி. நான் என் எழுபத்திரண்டு வயசில் அப்படி ஓர் இடத்தைப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், தண்ணீருக்குள்ளேயே வேரை ஊன்றிக்கொண்டு, ஆயிரம் காலில் நடந்து வருகிற மாதிரி நிற்கின்றன. சேற்றில் சிவப்பாக, ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள். அந்தப் பெருங்கையை ஆட்டி ஆட்டி எங்களைக் கூப்பிட்டன. ஒரு மீன் தண்ணீரைவிட்டு வெளியே வந்து சேற்றில் நடந்து போனது. நிஜமாக, நடந்து! நான் "ஐயோ" என்று கத்தினேன். மாப்பிள்ளை, "அது அப்படித்தான் பெரியத்தை. தண்ணியில இருந்தா சலிச்சுப்போயிடும் அதுக்கு" என்றார். தலைக்கு மேல் மீன்கொத்தி ஒன்று நீலமாகப் பளிச்சென்று போனது.

"அண்ணி, அந்தச் சாயத்தைப் பாத்தீங்களா?" என்று டஜன் என் தோளை உலுக்கினாள். "எத்தனை தடவ தண்ணியில முங்குது, ஒரு பொட்டு வெளுக்கலையே! எங்க கம்பெனிக்காரன் மூணு துவையல் தாங்கற நீலத்துக்கு என்ன பாடு படறான்!"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். இவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கண் மட்டும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருந்தது. அகப்பை மாதிரி மூக்குள்ள பறவை, தொண்டையில் பை தொங்கும் கூழைக்கடா, மூன்று நீர்நாய்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரிசையாகக் குதித்தது, எதையும் அவள் விடவில்லை. கரை வந்தபோது, "கூழைக்கடா நாப்பத்தொண்ணு" என்று மட்டும் என் காதில் சொன்னாள்.

மறுநாள் விடிகிற நேரத்திலேயே எல்லோரும் கழிக்கரையில் கூடினோம். எண்ணுவதற்கு மூன்று பேர் வேண்டும். மாப்பிள்ளைக்கு மேலதிகாரியான ரேஞ்சர் அம்மாவோடு ஆபீஸ் குமாஸ்தா வந்திருந்தார். கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவர், எல்லோரும் பறவை வாத்தியார் என்று கூப்பிடுகிறவர், கழுத்தில் பெரிய பைனாகுலரோடு வந்திருந்தார். மூன்றாவதாக வர வேண்டியவருடைய பஸ் வழியில் நின்றுவிட்டது என்று போன் வந்தது.

ரேஞ்சர் அம்மா கையைப் பிசைந்தார். "மூணு தாள் இல்லாட்டி கணக்கு செல்லாது. ஒன்பது மணிக்குள்ள தண்ணி ஏறிடும். பறவை எழும்பிடும். இப்ப யாரைப் பிடிக்கிறது?"

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க நாத்தனார் எண்ணுவா. அவ கம்பெனியில இதுதான் அவ வேலை" என்று சொல்லிவிட்டேன்.

ரேஞ்சர் அம்மா டஜனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வாட்சருக்கு என்ன வேணும்?"

"மாமியார்" என்றாள் டஜன்.

"அவருக்குச் சாதகமா ஏத்திச் சொல்லிட்டா?"

குமாஸ்தா மெல்லச் சிரித்தார். "மேடம், மாமியாராச்சே. குறைச்சு வேணா சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தோம். ரேஞ்சர் அம்மாவும் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். முறை இதுதான்: மூன்று பேரும் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் எண்ணை மற்றவருக்குக் காட்டக் கூடாது, மூன்றில் எது குறைவோ அதுதான் புத்தகத்தில் ஏறும். சந்தேகம் வந்தால், பறவை போவதற்குள் ஒரே ஒரு தடவை திரும்ப எண்ணலாம். வாட்சர் எண்ணக் கூடாது.

பூநாரைகள் கழியின் நடுவில் நின்றன. ஒரு வெள்ளைப் புகை தண்ணீர்மேல் கிடந்தது. அதற்குள் இளஞ்சிவப்பாக, நீளமாக, ஒரு பெரிய போர்வையை உதறி விரித்த மாதிரி அந்தக் கூட்டம். எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்றதால் எது எந்தப் பறவை என்றே தெரியவில்லை. இத்தனை அழகான ஒன்று இத்தனை நாளாக இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது!

பறவை வாத்தியாரும் குமாஸ்தாவும் பைனாகுலரை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்தார்கள். டஜனுக்கும் ஒன்று கொடுத்தார்கள். "இது வேண்டாங்க, எல்லாத்தையும் பெருசாக்கிக் குழப்புது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் அவளுக்குக் கண்ணாடி. தூரத்தில் நூல் பிரிந்திருந்தால் கூடத் தெரியும். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மறு கையில் கட்டை விரல் ஓட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் கொசு உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனது.

மூன்று தாளையும் ரேஞ்சர் அம்மா வாங்கினார். முதல் தாளைப் பிரித்தார். "வாத்தியார், ரெண்டாயிரத்து நூத்தம்பது." மாப்பிள்ளை முகத்தில் உயிர் வந்தது. "குமாஸ்தா, ரெண்டாயிரத்து எம்பது." பெண் என் கையைப் பிடித்து நெரித்தாள். மூன்றாவது தாளைப் பிரித்தவர் இரண்டு தடவை பார்த்தார்.

"ஆயிரத்து முந்நூத்திப் பத்து."

குறைந்த எண்தானே புத்தகத்தில் ஏறும்!

பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அம்மா! என்னம்மா எழுதியிருக்க?"

"இருக்கறதை எழுதியிருக்கேன்."

"அத்தை எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. குமாஸ்தா வேறு, "நான் விளையாட்டுக்குச் சொன்னேங்க, அதுக்காக நிஜமாவே..." என்று இழுத்தார். அவ்வளவுதான், டஜனுக்குப் பொங்கிவிட்டது.

"என்னய்யா பேசறீங்க? மாப்பிள்ளை மேல கோவம்னா நான் பொய்க் கணக்கு எழுதுவேனா? முப்பத்தொம்பது வருஷத்துல ஒரு பீஸ் என் கையில தப்பினதில்ல. இவ போயிட்டா எனக்கு யார் இருக்கா? எனக்கு மட்டும் ரெண்டாயிரம் வர ஆசை இல்லையா? வரலையே! நான் என்ன செய்ய?"

பறவை வாத்தியார் நல்ல மனுஷர். அருகில் வந்து, "அம்மா, கோவிச்சுக்காதீங்க. எப்படி எண்ணினீங்க, சொல்லுங்க" என்றார்.

"உடம்பெல்லாம் ஒண்ணா அமுங்கிக் கிடக்கு, தலை உள்ள போயிடுச்சு. எப்படி எண்ணறது? கீழ தொங்கறதை எண்ணிப் பாதியாக்கினேன். ரெண்டாயிரத்து அறுநூத்தி இருவது."

"கீழ தொங்கறதுன்னா?"

"காலுங்க. தண்ணியில தெரியற நிழல் காலை விட்டுட்டுத்தான் எண்ணினேன். அதை எண்ண நான் என்ன முட்டாளா?"

வாத்தியார் திரும்பிப் பறவைகளின் கால்களைப் பார்த்தார். பிறகு அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று சேற்றில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஓரத்தில் நின்ற ஒரு பூநாரை சோம்பல் முறித்தது. கழுத்தை வெளியே எடுத்தது, இறக்கையை ஒரு உதறு உதறியது, வயிற்றுக்குள்ளிருந்து இன்னொரு காலை மெதுவாக இறக்கித் தண்ணீரில் வைத்தது.

டஜன் அதைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடி ஆத்தி! ஒத்தைக் கால்ல நிக்குது அண்ணி! இன்னொன்னை மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டு நிக்குது! ஒத்தைக் கைச் சட்டையைக் கொண்டுவந்து என் மேஜையில வெச்சிருக்காங்க, நான் பாக்காம விட்டிருக்கேன்!"

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை அவருக்கு. "அத்தை, தூங்கறப்ப முக்காவாசி அப்படித்தான் நிக்கும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

டஜன் என்னைப் பார்த்தாள். ஆறு வருஷம் எதையும் அவரிடம் கேட்காததன் கணக்கு அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். நேராக, முகத்துக்கு முகம்.

"மாப்பிள்ளை, இப்பச் சொல்லுங்க. இன்னொரு தடவ எப்படி எண்ணலாம்?"

அவருக்குப் பேச்சு மடமடவென்று வந்தது. "தண்ணி ஏறிட்டு இருக்கு அத்தை. இனிமே காலும் தெரியாது. ஆழம் வந்ததும் கூட்டம் கூட்டமா எழும்பி அந்தப் பக்கம் உப்பளத்துக்குப் போகும். அதோ, ரெண்டு மரத் தோப்புக்கு நடுவுல வாய் மாதிரி ஒரு திறப்பு இருக்கு பாருங்க. ஆறு வருஷமா பாக்கறேன், அது வழியாத்தான் போகும், வரிசை வரிசையா. கரை முனையில நின்னா தலைக்கு மேலயே போகும்."

"பறக்கறப்ப தலையை உள்ள வெச்சுக்குமா?"

"இல்ல. கழுத்தை நேரா நீட்டிக்கும்."

"ஒரு சட்டைக்கு ஒரு காலர்!" என்று கத்தினாள் டஜன். "மேடம், திரும்ப எண்ணலாம்னீங்களே! எண்ணுவோம்!"

ரேஞ்சர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "ஓடுங்க!"

ஓடினோம். ரேஞ்சர் அம்மா பூட்ஸோடு, குமாஸ்தா தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, வாத்தியார் சேற்றுத் தொப்பியோடு. பெண்ணை ஓட வேண்டாம் என்று நாங்கள் கத்தக் கத்த, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் விறுவிறுவென்று வந்தாள். கரை முனையில் சிப்பிகள் குவிந்து கிடந்தன. டஜன் என்னைப் பிடித்து அங்கே உட்கார வைத்தாள். "அண்ணி, பன்னண்டு பன்னண்டா ஒரு கட்டு. நான் 'கட்டு'ன்னு சொன்னா ஒரு சிப்பியை எடுத்து மடியில போடுங்க. வேற எதையும் பாக்காதீங்க. பறவை அழகா இருக்குன்னு மேல பாத்தீங்களோ, என் பொண்ணு மலைக்குப் போயிடுவா!"

மூச்சு வாங்குவதற்குள் முதல் வரிசை எழும்பியது. தண்ணீரின்மேல் தடதடவென்று ஓடின, ஓடிக்கொண்டே இறக்கையை விரித்தன. அதுவரை உள்ளே ஒளித்திருந்த சிவப்பு அப்படியே வெடித்தது! அவ்வளவுதான் நான் பார்த்தது. மற்றதெல்லாம் சத்தம்தான். தலைக்கு மேல் இறக்கைகள் விசிறுகிற சத்தம், வாத்து மாதிரி அவை கத்துகிற சத்தம், வாத்தியார் கையிலும் குமாஸ்தா கையிலும் இருந்த எண்ணும் கருவிகள் டிக் டிக்கென்று அடிக்கிற சத்தம், அதற்கு நடுவில் என் நாத்தனாரின் குரல்.

"கட்டு! கட்டு! கட்டு! நில்லு... கட்டு!"

போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். விரல் கீறி ரத்தம் வந்தது. ஒரு கூட்டம் போகும், கொஞ்சம் ஓயும், அடுத்த கூட்டம் வரும். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். மடி கனத்துக் கால் மரத்துப்போனது. கடைசியில் "கட்டு" என்ற குரல் வந்து, அதன்பின் ஒன்றும் வரவில்லை. தலையைத் தூக்கினேன். வானம் வெறுமையாக இருந்தது.

சிப்பிகளை ரேஞ்சர் அம்மாவே உட்கார்ந்து எண்ணினார். பெண்ணும் கூட எண்ணினாள். நூற்று அறுபத்தாறு. குமாஸ்தா பேனாவால் பெருக்கினார். அதற்குமுன் டஜன் சொல்லிவிட்டாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரண்டு."

வாத்தியார் தன் கருவியைப் பார்த்தார். "எனக்கு ரெண்டாயிரத்து மூணு." குமாஸ்தாவுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. முதலில் பத்தி பத்தியாகப் பிரித்துப் போட்டபோது இருவருமே கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தார்கள் போல. எப்படியானாலும் குறைந்தது டஜனுடையதுதான். எட்டே எட்டு குறைகிறது.

ரேஞ்சர் அம்மா மெல்லிய குரலில் கேட்டார். "அம்மா, ஒரு டஜன் விட்டுப்போயிருக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த அம்மாளும் மனுஷிதானே. தப்பிக்க ஒரு வழியைக் கை நீட்டித்தான் கொடுத்தார். "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டஜன் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள். "விட்டுப்போகலைங்க" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது, நாலு அறை அறையவும் தோன்றியது. பெண் என் பக்கத்தில் சிப்பிமேல் உட்கார்ந்துவிட்டாள். ரேஞ்சர் அம்மா பேனாவைத் திறந்தார்.

"மேடம், எழுதாதீங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். கழியின் தூரக் கோடியைக் கையால் காட்டினார். "இன்னும் இருக்கு! அங்க, மரத்தடியில!"

மரங்களின் நிழலில் சேற்று நிறத்தில் ஏதோ அசைந்தது. கறுப்பும் பழுப்புமாக, அழுக்குத் துணி மாதிரி. தண்ணீர் முட்டிக்கு ஏறவும் அவை தடுமாறி எழும்பின. வரிசை கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன.

"அது பூநாரை இல்லையே, சாம்பலா இருக்கு" என்றார் குமாஸ்தா.

"இந்த வருஷத்துக் குஞ்சுங்க சார். நிறம் வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். எப்பவும் கடைசியாத்தான் எழும்பும்" என்றார் மாப்பிள்ளை.

"குஞ்சைக் கணக்குல சேர்க்கலாமா, மேடம்?"

ரேஞ்சர் அம்மா வாயைத் திறப்பதற்குள் டஜன் கை விரலை விரித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "என்னய்யா கேள்வி இது? சாயம் போடாத பீஸும் பீஸ்தான்! அண்ணி, சிப்பி!"

"சேர்க்கணும், சேர்க்கணும், எண்ணுங்க!" என்று ரேஞ்சர் அம்மாவும் கத்தினார்.

இந்தத் தடவை நான் மேலே பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தச் சாம்பல் குஞ்சுகள் கழுத்தை நீட்டி, கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு, எங்கள் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் தத்தக்கா பித்தக்கா என்று போயின. டஜனோடு சேர்ந்து எல்லோருமே வாய்விட்டு எண்ணினோம், விதி எல்லாம் காற்றில் பறந்தது. "அஞ்சு! ஆறு! ஏழு!" எட்டு என்றபோது மாப்பிள்ளை துள்ளிய துள்ளலில் கரையோரத்துச் சேறு என் முகத்தில் தெறித்தது. அதற்கு மேலும் வந்தன. இரண்டு கட்டு முடிந்து இன்னும் ஐந்து.

"ரெண்டாயிரத்து இருவத்தொண்ணு" என்றாள் டஜன். சொல்லிவிட்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தாள். "யாராவது ஒரு டீ குடுங்களேன்."

ரேஞ்சர் அம்மா எழுதினார், கையெழுத்துப் போட்டார், டஜனிடம் பேனாவை நீட்டினார். "அடுத்த வருஷமும் வந்துடுங்க. ஆனா காலை எண்ணாதீங்க." வாத்தியார் திரும்பவும் சிரிக்க ஆரம்பித்தார். "இதை நான் வகுப்புல சொல்லப்போறேம்மா" என்றார். "சொல்லுங்க. ஆனா நிழலை எண்ணலைங்கறதையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள் இவள்.

முந்தின ராத்திரி எங்களை ஆபீஸ் விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். மத்தியானம் முகாம் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, பெண் பாதி வீட்டை மூட்டை கட்டி வைத்திருந்தது. பாத்திரம் ஆறு அட்டைப்பெட்டி, துணி மூன்று மூட்டை. கட்டிலைக் கூடக் கழற்றி வைத்திருந்தாள். டஜன் தரையில் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்த்தாள்.

"இத்தனை முடிச்சா போடுவாங்க? எங்க கம்பெனியில உன்னைச் சேத்திருந்தா கயிறு செலவுலயே கம்பெனி மூழ்கியிருக்கும்."

"நான் கட்டலைம்மா, அவர் கட்டினார்."

"மாப்பிள்ளை, வெளிய நின்னு என்ன பண்றீங்க? வந்து நீங்க போட்ட முடிச்சை நீங்களே அவுங்க."

"வரேன் அத்தை" என்று குரல் வந்தது. ஆள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே குரல் உரக்க வந்தது. "அத்தை! பெரியத்தை! வெளிய வாங்க, தண்ணி இறங்கிடுச்சு, எல்லாம் திரும்பி வருது!"

பாதி அவிழ்த்த பெட்டியிலிருந்து ஒரு தட்டு உருண்டு போனது. அதை எடுக்க யாரும் நிற்கவில்லை. முட்டி வலிக்காரி எனக்கும் முன்னால், செருப்பு கூடப் போடாமல் கரையைப் பார்த்து ஓடினாள்.